முதல் செம்பு யோபுவுக்கு

பெத்தேல்புரத்து யோபுவிடம் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. விதை போட்ட மூன்றாம் நாளே மண்ணைக் கிளறி, முளை விட்டிருக்கிறதா என்று பார்க்கிற ஆள். "முளைக்கிற விதையையும் நோண்டிப் பாத்தே கொன்னுருவாக எங்க வீட்டுல" என்று அவர் மனைவி இன்பமே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் அந்த ஊரில் கோயில் தோட்டம் என்று ஒன்று உண்டானது அவரால்தான். அது பாழானதும் அவரால்தான். உண்டான கதையை முதலில் சொல்லிவிடுவோம்.

தாயில்பட்டிக்கு மேற்கே இரண்டு மைல் நடந்தால் பெத்தேல்புரம். முப்பது வீடு, ஓடு வேய்ந்த ஒரு வேதக்கோயில், சுற்றிலும் வானம் பார்த்த கரிசல். ஆண்கள் வெடிக் கம்பெனிக்குப் போவார்கள். பெண்கள் வீட்டிலிருந்தபடி தீப்பெட்டிக் கூடு ஒட்டுவார்கள். கம்பங்கஞ்சிக்கு வெஞ்சனம் என்று சொல்லிக்கொள்ள ஒரு மிளகாய், நாலு உரித்த வெங்காயம். காய்கறி என்றால் சந்தைக்குப் போக வேண்டும், போனாலும் வாடல்தான் கிடைக்கும். கோயிலுக்குப் பின்னால் இருபது சென்ட் நிலம், அதில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று, இரண்டையும் முள் மூடிக் கிடந்தது. ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்த சபைப் போதகர் தேவாசீர்வாதம் ஐயரை, அவர் அங்கியைக்கூடக் கழற்ற விடாமல், யோபு வழி மறித்தார்.

"ஐயா, கோயில் நெலத்துல முள்ளு வளக்கோம். சபைப் பிள்ளைக கீரைய கண்ணுல பாத்து மாசமாச்சு. ஆளுக்கு ரெண்டு சென்ட் குடுங்க, பத்து வீடு சேந்து பாடுபடுறோம்."

ஐயர் மறுப்பதற்குக் காரணம் தேடினார், கிடைக்கவில்லை. அந்த வாரமே முள் வெட்டியாகிவிட்டது. பத்து வீட்டுக்கும் பத்துப் பாத்தி. கிணற்றடியில் பெரிய கல்தொட்டி. சாயங்காலம் எல்லாருமாகத் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை யாருடைய முறையோ அவர் மடையைத் திறந்து பத்துப் பாத்திக்கும் பாய்ச்ச வேண்டும். தன் பாத்திக்கு ஒரு நாழி அதிகமாக விட்டாலும் சத்தம் எழும். எருவுக்குக் கண்மாய்க் கரம்பை மண், ஆட்டுக்கிடை, ஆவாரந்தழை, அடுப்புச் சாம்பல். விளைந்ததில் முதல் பறிப்பு கோயில் அசனத்துக்கு. வருஷத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்தச் சோற்றுக்கு ஊற்றும் சாம்பாரில் மிதக்கிற கத்தரிக்காய் யார் வீட்டுப் பாத்தியுடையது என்பதே ஒரு மாதப் பேச்சாக இருக்கும்.

அறுபதாம் வருஷம் பிளாக் ஆபீஸிலிருந்து கிராம சேவகர் ஒருவர் சைக்கிளில் வந்து, வெள்ளை வெளேரென்று ஒரு மூட்டை உரத்தை இறக்கிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்து ராஜசிங் வாத்தியார் படித்தவர் அல்லவா, அவர்தான் முதலில் போட்டுப் பார்த்தார். கீரை ஊதிப் பெருத்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட, தண்ணீர் குறைந்த பாத்தியில் உரம் சூடேறி, வாத்தியாரின் மிளகாய்ச் செடி ஒன்றுவிடாமல் கருகிப்போனது. யோபுவுக்கு வந்ததே கோபம். அவர் வெடிக் கம்பெனிச் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறவர். வெடியுப்பு, கந்தகம், குளோரேட் என்று பகல் முழுக்க மூக்கிலும் நகத்திலும் உப்பும் பொடியுமாகத் திரிகிறவர்.

"பகலெல்லாம் உப்புக்குள்ளதான் கெடக்கேன். சாயங்காலம் ஒரு பொழுதாவது மண்ணத் தொடணும்னுதான் இந்தத் தோட்டமே கேட்டேன். இங்கனயும் உப்பா? எவன் உப்புப் போட்டாலும் சரி, அவன் பாத்திய விட்டு வெளிய போயிரணும்!"

கூட்டத்தில் எழுந்து அப்படிச் சொன்னதோடு விடவில்லை. ராஜசிங் வாத்தியாரைக் கொண்டே அதை ஒரு தாளில் எழுத வைத்து, பத்து வீட்டாரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, கோயில் அறைச் சுவரில் தொங்கவிட்டார். வாத்தியாருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிற பழக்கமெல்லாம் யோபுவுக்குக் கிடையாது.

சட்டம் போட்டவரே அதை மீறியது இரண்டு வருஷம் கழித்து. அந்தக் கோடையில் பத்துப் பாத்தியிலும் கடைசியாக நின்றது அவருடையதுதான். கத்தரி நோஞ்சானாய் நின்றது. பெண்கள் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலப் போனார்கள். அது அவரைக் கொன்றது. கம்பெனியில் வெடியுப்பு வருகிற சாக்குகளைக் கழுவிக் காயப்போடுவது வழக்கம். கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு புங்கமரம். சுற்றிலும் எல்லாம் வெந்து கிடக்க, அந்த மரம் மட்டும் கரும்பச்சையாய் நின்றது. யோபு அதையே நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள், கழுவித் தருகிறேன் என்று சொல்லி மூன்று சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கிட்டங்கி ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு உப்புப் பரலை எடுத்து நாக்கில் வைப்பார்கள். சில்லென்று குளிர்ந்தால் வெடியுப்பு. யோபு வைத்துப் பார்த்தார், குளிர்ந்தது. சாக்கை வாளியில் அலசி, அந்தத் தண்ணீரைத் தன் பாத்திக்கு மட்டும் ஊற்றினார். பதினைந்தே நாளில் கத்தரி இலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது.

"அண்ணாச்சி கை ராசியான கை" என்றார்கள்.

"எல்லாம் கரம்பை" என்றார் யோபு. நாலு தடவை சொன்னபிறகு அவருக்கே அது நிஜம்போலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

இன்பத்திடம் மட்டும் அது பலிக்கவில்லை. "உப்புப் போட்டா வெளிய போகணும்னு சட்டம் போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"அது மூட்டை உரத்துக்குடீ. இது சாக்குக் கழுவுன தண்ணி."

"நல்லாருக்கு உங்க நியாயம்" என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் அசனத்துக்கு எட்டு ஊர்ச் சபையார் வருவதாக ஏற்பாடு. காய் மொத்தமும் நம் தோட்டத்திலிருந்தே என்று ஐயர் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். யோபு பாத்தியைத் தவிர மற்ற ஒன்பதும் வெளிறிக் கிடந்தன. இங்கேதான் யோபுவின் நல்ல மனது வேலை செய்தது. சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு நல்ல மனதுதான். நாம் மட்டும் நல்ல பெயர் வாங்கி என்ன செய்ய, பத்துப் பாத்தியும் ஒன்றுபோல நிற்கட்டுமே என்று நினைத்தார். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூடக் கொஞ்சம் யோசித்துச் செய்திருப்பார்.

அப்போது கம்பெனியில் தீபாவளிச் சீசன். யோபு காரியாபட்டியில் அக்காள் மகள் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டார். அந்த மூன்று நாளில் முதலாளி காசிராஜன் குளோரேட் வந்த இரும்பு டிரம்களை யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டு, உள்ளே இருந்த குளோரேட்டைப் பழைய வெடியுப்புச் சாக்குகளில் கொட்டி வைக்கச் சொல்லியிருந்தார். சீசன் வேகத்தில் அது தீர்ந்தும் போனது. யோபு திரும்பி வந்தபோது வழக்கமான மூலையில் வழக்கமான சாக்குகள் பன்னிரண்டு கிடந்தன. உள்ளே மூலை மடிப்புகளில் வெள்ளையாகக் கட்டி பிடித்து, இந்தத் தடவை தாராளமாகவே ஒட்டியிருந்தது. ஒரு பரலை நாக்கில் வைத்தார். சில்லென்றது. குளோரேட்டும் நாக்கில் அப்படித்தான் குளிரும் என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். அன்றைக்கு அது நினைவில் வரவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பொழுது சாய எல்லாரும் தொட்டியை நிரப்பிவிட்டுப் போனபிறகு, பன்னிரண்டு சாக்கையும் அதில் முக்கி அலசினார். அலசிய சாக்குகளை, தோட்டத்து மூலையில் குவித்திருந்த தழைக்குப்பை காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் விரித்தார். மறுநாள் ஞாயிறு, தோட்டத்தில் வேலை கிடையாது. திங்கட்கிழமை பேச்சியம்மாள் முறை.

பத்து வீட்டில் சபையைச் சேராத வீடு பேச்சியம்மாளுடையது ஒன்றுதான். அவள் புருஷன் சங்கிலிமுத்து, யோபு வேலை பார்க்கும் அதே கம்பெனியில் வெடிமருந்து தீப்பிடித்து இரண்டு கையும் வெந்தவன். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், சோற்றைக்கூட அவள்தான் ஊட்ட வேண்டும். அந்தப் பாத்திக் கீரையைக் கட்டுக் கட்டித் தெருத்தெருவாக விற்றுத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. மகள் வீரலட்சுமி ஐந்தாம் வகுப்பு. தீப்பெட்டிக்கும் வெடிக்கும் என் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று பேச்சியம்மாள் சொல்லாத நாள் இல்லை. தோட்டத்தில் அவள் பாத்திதான் எப்போதும் முதலில் களை பறித்த பாத்தியாக இருக்கும்.

அவள் திங்கட்கிழமை விடிகாலையில் மடையைத் திறந்தாள். பத்துப் பாத்திக்கும் சொட்டு வித்தியாசம் இல்லாமல் பாய்ச்சினாள்.

வியாழக்கிழமை இலை நுனி வெளுத்தது. ஞாயிற்றுக்கிழமை தோட்டம் முழுக்கக் காகிதம்போல வெளிறி நின்றது. கத்தரி, வெண்டை, சுரைக்கொடி, கீரை என்று எதற்கும் விலக்கு இல்லை. யோபுவின் பாத்தியும்தான். அவர் திங்கள் காலை கம்பெனிக்குள் நுழைந்ததும் போர்மேன் ஊர்க்காவலனிடம் போனார்.

"அண்ணாச்சி, அந்த மூலைச் சாக்குல இருந்தது என்ன சரக்கு?"

"குளோரேட்டுலே. டிரம்மு போயிருச்சுல்ல, சாக்குல தட்டி வச்சோம். ஏன் கேக்க?"

"சும்மாதான்."

கிட்டங்கி வாசலில் புல் முளைத்தால் அதன்மேல் குளோரேட் தண்ணீரைத்தான் ஊற்றுவார்கள். அதற்கப்புறம் அங்கே ஒரு வருஷத்துக்குப் புல்லே முளைக்காது. ஊற்றுகிறவர் யோபுதான். அன்று வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் சாப்பிட எழவில்லை. எல்லாவற்றையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நாலு பேர் திட்டியிருப்பார்கள், அதோடு போயிருக்கும்.

புதன்கிழமை கோயில் அறையில் கூட்டம் கூடியது. ராஜசிங் வாத்தியார்தான் ஆரம்பித்தார். "போனதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பேச்சியம்மாளை நான் பிளாக் ஆபீஸ் வாசல்ல பாத்தேன். கிராம சேவகர்கூட நின்னு பேசிக்கிட்டு இருந்தா. அதுக்கடுத்த திங்கக்கிழமை தண்ணி பாய்ச்சினதும் அவதான். இதுக்கு மேல என்ன வேணும்?"

பேச்சியம்மாள் எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரு கைக்கு எதாச்சும் உதவி கெடைக்குமான்னு மனுக் குடுக்கப் போனேன். உரத்தப் பத்தி நான் பேசவே இல்ல. எம் பாத்தியும்தான பட்டுப்போச்சு? எனக்கு நானே கொள்ளி வச்சுக்கிடுவேனா?"

"அளவு தெரியாமப் போட்டா எல்லாந்தான் சாகும். எனக்குத் தெரியாதா?" என்றார் வாத்தியார். தன் மிளகாய்ச் செடி கருகின கணக்கு அவருக்குள் மூன்று வருஷமாய்க் கிடந்தது. பேச்சியம்மாளுக்காக வாய் திறக்க அங்கே ஒருவரும் இல்லை. அவள் சபைக்காரியாக இருந்திருந்தால் இரண்டு பேராவது திறந்திருப்பார்கள்.

ஐயர் சங்கடப்பட்டுச் சுவரில் தொங்கிய தாளைப் பார்த்தார். பிறகு யோபுவைப் பார்த்தார். "சட்டம் உம்முடையது, யோபு. நீர் சொல்லும்."

பெண்கள் பக்கத்திலிருந்து இன்பம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோபு தரையைப் பார்த்தார். உண்மை தொண்டை வரை வந்தது. வந்தது வேறு ஏதோவாக மாறி வெளியே விழுந்தது.

"சட்டம் சட்டந்தானய்யா."

"அண்ணாச்சி, நீங்களா சொல்லுதீக?" என்று பேச்சியம்மாள் கேட்டாள். அதில் கோபம்கூட இல்லை. தன்னை அறிந்த ஒருவர் இதைச் சொல்லிவிட்டாரே என்ற திகைப்புத்தான் இருந்தது.

பட்டுப்போன செடிகளை எல்லாருமாகப் பிடுங்கித் தழைக்குப்பைமேல் குவித்துவிடுவது, அது காய்ந்ததும் கெடுத்தவளே கொளுத்திச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போவது என்று முடிவாயிற்று. பன்னிரண்டு சாக்கும் அந்தக் குவியலுக்கு அடியில் போய்விட்டன.

மறுவாரமே வீரலட்சுமியின் பள்ளிக்கூடப் பை ஆணியில் ஏறியது. விடியுமுன்னே மற்றப் பிள்ளைகளோடு அவளும் தீப்பெட்டி ஆபீஸுக்கு நடந்து போனாள். மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை. யோபு சைக்கிளில் போகும்போது வழியில் அந்தப் பிள்ளை தூக்குச் சட்டியோடு எதிர்ப்படும். "மாமா" என்று சிரிக்கும். யோபு மணியை அடித்துக்கொண்டு வேகமாகப் போய்விடுவார்.

இன்பம் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஒரே ஒருநாள் கேட்டாள். "நீங்க சொல்லுதீகளா, நான் சொல்லட்டுமா?"

"அசனம் முடியட்டும்."

அசனம் முடிந்தது. சிவகாசி மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த காயில் சாம்பார் கொதித்தது. யோபு பந்தியில் உட்கார்ந்து பிசைந்தார், பிசைந்தார், அப்படியே இலையை மூடிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு, சீசன் முடியட்டும் என்றார். மனிதனுக்குத் தள்ளிப்போட ஒரு நாள் எப்போதும் கிடைத்துவிடுகிறது. குவியலுக்கு அடியில் இருக்கிற சாக்குகளை உருவி எடுத்துவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். யாராவது பார்த்து, என்ன தேடுகிறீர் என்று கேட்டால்? அந்த ஒரு பயத்தில் குவியல் பக்கமே போகவில்லை.

ஐப்பசி பிறக்கிற சமயம் ஒருநாள் மதியம், இன்பம் சாப்பாட்டுத் தூக்கோடு கம்பெனி வாசலுக்கு வந்தாள். வழக்கமாக அவள் வருவதில்லை.

"பேச்சி இன்னைக்குக் குப்பையக் கொளுத்தப் போறா. மழ வர்றதுக்குள்ள முடிச்சுத் தாரேன்னு ஐயர்கிட்டச் சொல்லிட்டா. தீப்பெட்டி ஆபீஸு லீவாம், மகளும் கூட நிக்கா. நீங்க சாப்பிடுங்க."

காய்ந்த குளோரேட் சாக்கில் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்பதைக் கிட்டங்கிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கிலிமுத்துவின் கைகள் யோபுவின் கண்முன்னே வந்து நின்றன. தூக்கை வாங்கவில்லை. கேட்டுக்காரன் என்ன ஏது என்று கத்தக் கத்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். கண்மாய்க்கரையில் சங்கிலி கழன்றுவிட, சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

பேச்சியம்மாள் பனையோலைப் பந்தத்தைக் கொளுத்திக் கையில் பிடித்திருந்தாள். வீரலட்சுமி குவியலின் மறுபக்கம் சிதறிய செடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வேலி ஓரத்தில் ராஜசிங் வாத்தியாரும் இன்னும் நாலைந்து பேரும் வேடிக்கை பார்த்து நின்றார்கள்.

"வைக்காத! பேச்சி, தீய வைக்காத! பிள்ளைய இழு!"

ஓடி வந்த வேகத்தில் அவள் கையிலிருந்த பந்தத்தைத் தட்டி மண்ணில் போட்டு மிதித்தார். செருப்பில்லாத கால். பொசுங்கியதுகூடத் தெரியவில்லை.

"இன்னும் என்ன அண்ணாச்சி செய்யணுங்கீக என்னைய?" என்றாள் பேச்சியம்மாள்.

யோபு இரண்டு கையாலும் செடிகளை வாரி எறிந்து, அடியில் கிடந்த சாக்குகளை ஒவ்வொன்றாக உருவினார். பன்னிரண்டும் வெளியே வந்தபிறகு ஒன்றிலிருந்து கையகலத் துண்டைக் கிழித்து, தள்ளிக் கொண்டுபோய்க் கல்மேல் வைத்து, தீக்குச்சி கிழித்துப் போட்டார். துண்டு எரியவில்லை, சீறியது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கொழுந்து எழுந்து, கண் மூடித் திறப்பதற்குள் கல் கறுத்துப்போய்க் கிடந்தது.

அங்கே நின்றவர்களுக்கு அந்த நிறத்தையும் சீறலையும் விளக்கத் தேவையில்லை. அதற்குள்ளேயே பிழைக்கிறவர்கள். வாத்தியார் மட்டும் மெதுவாகக் கேட்டார், "இது கம்பெனி உப்பில்ல?"

"ஆமா. நாந்தான் தொட்டியில அலசுனேன். சனிக்கிழமை அலசுனேன், திங்கக்கிழமை அவ பாய்ச்சுனா. போன வருசம் எம் பாத்தி செழிச்சதும் வெடியுப்புத் தண்ணியிலதான். கரம்பையில இல்ல. கூட்டத்தன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் உடைந்து, சின்னப் பிள்ளைபோல அழுதார். அழுதுகொண்டே, "நான் போயிருதேன். சட்டப்படி நான் வெளிய போயிருதேன்" என்றார்.

பேச்சியம்மாள்தான் பேசினாள். கோபம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

"போயிருவீகளோ? போயிட்டா ஆச்சா? ஊரு என்னையக் கள்ளி மாதிரிப் பாத்துச்சே, அது போயிருமா? எம் பிள்ளை பையி ஆணியில தொங்குதே, அது எறங்கிருமா? எங்கயும் போக வேணாம். இங்கனயே கெடந்து இந்த மண்ண அள்ளுங்க. கண்மாய்ல இருந்து நல்ல மண்ணு சொமந்து போடுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொட்டியைக் காட்டினாள். "இனிமே தெனமும் மடை தெறக்க முன்னாடி நீங்க வந்து, எல்லாரும் பாக்க, அந்தத் தண்ணியில ஒரு செம்பு குடிக்கணும். நீங்க குடிச்சு நின்னாத்தான் நாங்க பாய்ச்சுவோம்."

ஐயர் சாயங்காலம் அந்தப் பழைய தாளைக் கழற்றிவிட்டார். பதிலுக்கு ஒன்றும் எழுதவில்லை.

யோபு மண் சுமந்தார். மேல் மண்ணைச் சுரண்டிக் கூடையில் அள்ளிப் போய் யாரும் விதைக்காத ஓடைக் கரையில் கொட்டுவார், திரும்பும்போது கண்மாய்க் கரம்பை. கம்பெனி விட்டு வந்து பொழுது அடங்கும்வரை அதுதான் வேலை. விதையை மூன்றாம் நாளே கிளறிப் பார்த்த மனிதர் இரண்டு மழைக்காலம் ஒரு விதையும் போடாமல் சுமந்தார். மூன்றாம் மழைக்குத்தான் ஒரு பாத்தியில் தண்டங்கீரை தலைகாட்டியது. பேச்சியம்மாளுக்கு அவள் பாத்தி திரும்பக் கிடைத்தது. ராஜசிங் வாத்தியார் ஒருநாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, என்னவோ சொல்ல வாயெடுத்து, பிள்ளையை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்படி மட்டும் கேட்டுவிட்டு வந்தார். வீரலட்சுமி போகவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாயிருக்கிறது என்றாளாம். சங்கிலிமுத்துவுக்கு அப்போது இருமலும் சேர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு அவள் சம்பளம் வேண்டியிருந்தது.

மடை மறுபடி திறந்த நாளிலிருந்து செம்பு மட்டும் ஒருநாள் தவறவில்லை. விடிகாலையில் யோபு வந்து, தொட்டியில் முக்கி, அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிற்பார். முறைக்காரர் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மடையைத் திறப்பார். வெளியூர்க்காரர்கள் அதைப் பெரிய கௌரவம் என்றே நினைத்துக்கொண்டார்கள். ஒருமுறை அசனத்துக்கு வந்த வெளியூர் ஐயர் ஒருவர், தோட்டம் கண்ட மனிதருக்குத் தினமும் முதல் செம்பு கொடுத்து மரியாதை செய்கிற சபையைப் பார்த்தீர்களா என்று பிரசங்கத்திலேயே மெச்சினார். யோபு கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இன்பம் மட்டும் திரும்பி அவரைப் பார்த்தாள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் கார்த்திகையில் அவர் காய்ச்சலில் விழுந்தார். முதல் நாள் காலை எழ முடியவில்லை. தோட்டத்துக்கு ஆள் சொல்லி அனுப்பக்கூட நினைவில்லை. வாசலில் யாரோ வந்த சத்தம் கேட்டுக் கண் திறந்தபோது, கையில் செம்போடு வீரலட்சுமி நின்றாள். பதினேழு வயது. தாவணியைச் செருகிக்கொண்டு ஆபீஸுக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள்.

"அம்மா முறை இன்னைக்கு. நீங்க வரலைன்னு காத்துக்கிட்டு இருக்கா மாமா. தொட்டித் தண்ணி. குடிச்சிட்டுச் சொல்லச் சொன்னா."

இன்பம் அவரைத் தூக்கி உட்கார வைத்தாள். வீரலட்சுமி குனிந்து செம்பை அவர் வாயருகே பிடித்தாள். குச்சி அடுக்கிய பிள்ளை இப்போது மருந்து முக்குகிற இடத்தில் வேலை பார்த்தாள். அவள் நகக்கண்களில் தீக்குச்சித் தலையின் மருந்து காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த மருந்துக்குள் என்ன உப்பு இருக்கிறது என்று யோபுவுக்கு நாக்கில் வைத்துப் பார்க்காமலே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு முழுச் செம்பையும் குடித்தார்.

"நல்லாருக்கா மாமா?"

"நல்லாருக்கு தாயி."

"அப்ப மடையத் தெறக்கச் சொல்லிட்டுப் போறேன்" என்று வெறும் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் படி இறங்கினாள். தெருமுனை திரும்புமுன்னே ஆபீஸ் சங்கு ஊதியது. தோட்டத்துப் பக்கம் திரும்பியவள் ஓட ஆரம்பித்தாள்.